ஹெரன் கோர்ட்டின் பதினோரு வீடுகள்

இந்தக் கதையில் சில இடங்கள் தவறாக இருக்கலாம். வான்மதி சொல்லித்தான் இது வெளியே தெரிந்தது; அவளோ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வாள். கடிதம் செப்டம்பரில் வந்தது என்பாள். பிறகு யோசித்து, இல்லை, ஆகஸ்ட் கடைசி, பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது என்பாள். விமான நிலையத்தில் மகள் திரும்பிப் பார்த்தாளா என்று கேட்டால், ஒருநாள் பார்த்தாள் என்பாள். இன்னொரு நாள் பதிலே சொல்லமாட்டாள். கடிதத்தில் இருந்த அந்த ஒரு வரியை மட்டும் எப்போது கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொன்னாள்.

“உங்கள் தெரு கவனிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. எதிர்பார்ப்பிலிருந்து விலகியவர்: ஒரு மாணவர்.”

ஹாலோவே டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகர். அங்கே வந்து சேர்கிற தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் சமையலறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த வீடு ஹாலோவே ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குள் வருகிறதா என்று பார்ப்பார்கள். அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. ஆனால் எல்லைக்குள் வீடு இருந்தால்தான் பிள்ளைக்கு இடம். முன்பெல்லாம் அந்த எல்லையை ஓர் ஓடையையோ ரயில் பாதையையோ ஒட்டி வரைந்துவிட்டுப் பல வருஷம் தொடாமல் விட்டுவிடுவார்கள். வழக்கு மேல் வழக்கு வந்து, கடைசியில் வரைகிற வேலையை ஒரு கணினி நிரலிடம் கொடுத்துவிட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, ஜனவரி முதல் தேதியும் ஜூலை முதல் தேதியும், அது எல்லையைப் புதிதாக வரையும். பிள்ளைகள் மேலே வரப்போகிற தெருவை உள்ளே இழுத்துக்கொள்ளும். சரியப்போகிற தெருவை வெளியே விட்டுவிடும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாரும் அதைக் ‘கோடு’ என்றார்கள்.

ஹெரன் கோர்ட் ஒரு முட்டுச்சந்து. பதினோரு வீடுகள், ஏழில் இந்தியர்கள்; பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் பதினாறு பேரும் அந்த ஏழு வீடுகளில்தான். அதில் இரண்டு பேர் வான்மதிக்கு. மூத்தவன் ரித்விக், பதினாறு வயது, பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டே பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தான். இளையவள் நறுமுகை, வீட்டில் முகி, ஒன்பது வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே ஏழு வயதாகிவிட்டது அவளுக்கு. இப்போதும் ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆகும். படித்து முடித்ததும் ஏதோ மலை ஏறி வந்ததுபோல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று சிரிப்பாள்.

கடிதம் வந்த சனிக்கிழமை பத்தாம் நம்பர் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக்கொண்டு போயிருந்தார்கள். அது ஷோபனாவின் வீடு. தெருவுக்கு முதலில் வந்தவள் என்பதால் எல்லாருக்கும் அக்கா. அவள் கணவர் மோகன்ராம் தட்டோடு நின்றபடியே ஆரம்பித்தார்.

“பேர் போடாம அனுப்பியிருக்கான். பிரைவஸியாம். இதுல என்னங்க ரகசியம்? நான் ஆபீஸ்ல தினமும் செய்யறதே இதுதான். பதினாறு பிள்ளைங்க. மார்க்கை வரிசையாப் போடுவோம். கடைசில யாரு நிக்கறாங்களோ, அவங்களாலதான் தெரு கோட்டுக்கு வெளிய போகப்போகுது.”

“டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்லயே போய்க் கேட்டா என்ன?” என்றான் கிருபாகரன், வான்மதியின் கணவன்.

“எதுக்கு கிருபா?” என்றாள் ஷோபனா. “கேட்டா நம்ம பேர் அங்க பதிவாகும். பன்னெண்டு வருஷமா கிரீன் கார்டு வரிசையில நிக்கறோம். நாமளாப் போய்த் தலையைக் காட்டணுமா?”

யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்தத் தெருவின் வழக்கம் அது. வரி அலுவலகமோ, நகராட்சியோ, பள்ளிக்கூடமோ, கடிதம் வந்தால் ஒரு வீட்டில் கூடி, சாப்பிட்டு, மணிக்கணக்காகப் பேசி, அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். அனுப்பியவனிடம் மட்டும் கேட்கமாட்டார்கள்.

மோகன்ராம் டிவியில் ஓர் அட்டவணையைத் திறந்தார். பேர் வேண்டாம், வீட்டு நம்பர் வேண்டாம், அவரவர் பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் போனிலிருந்து போடுங்கள் என்றார். ஒவ்வொன்றாக எண்கள் ஏறின. 96. 94. 99. அந்த 99 ரித்விக்கினுடையது என்று எல்லாருக்கும் தெரியும்; யாரோ லேசாக விசிலடித்தார்கள். வான்மதி இரண்டாவது எண்ணைப் போடாமல் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கிருபாகரன் அவள் கையிலிருந்து அதை வாங்கிப் போட்டான்.

61.

அட்டவணை வரிசைப்படுத்தியது. பதினைந்து எண்கள் நெருக்கமாக மேலே, ஒன்று தனியாகக் கீழே. சாம்பார் கரண்டி பாத்திரத்தில் உரசுகிற சத்தம்கூட நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவைத் திறந்துகொண்டு நறுமுகை உள்ளே வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“அம்மா, தண்ணி.” குடித்துக்கொண்டே டிவியைப் பார்த்தாள். “என்ன கேம் இது?”

“சும்மா ஸ்கோர் கண்ணு,” என்றார் மோகன்ராம்.

“அந்தக் கடைசி ஆளு தோத்துட்டாங்களா?”

ஷோபனா டிவியை அணைத்தாள். நறுமுகை டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி விளையாட ஓடினாள்.

அதன் பிறகு எல்லாரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அதுதான் கொடுமை என்பாள் வான்மதி. யாராவது ஒருத்தர் வாசலில் வந்து சண்டை போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள். ஆனால் ஒருத்தி முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தாள். இன்னொருத்தி தன் பிள்ளையின் பழைய சைக்கிளை நறுமுகைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஷோபனா மட்டும் ஒருநாள் மாலை நடக்கும்போது கூடவே வந்து சேர்ந்துகொண்டாள்.

“மதி, நான் கேக்கறதைத் தப்பா எடுத்துக்காத. உங்க அக்கா பொள்ளாச்சியிலதான இருக்காங்க?”

“ஆமாக்கா.”

“குழந்தை இல்லைல்ல அவங்களுக்கு?”

வான்மதி நடையைக் கொஞ்சம் வேகமாக்கினாள்.

“ஜனவரி ஒண்ணாந்தேதி எந்த வீட்ல எந்தப் பிள்ளை இருக்கோ, அதை மட்டும்தான் கோடு எண்ணும். மோகன் சட்டத்தையே படிச்சுட்டார். நாலு மாசம். கோடு போட்ட மறுநாளே டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வந்துடு. அங்க தமிழ் நல்லா வரும், ஓடியாடி விளையாடுவா. இங்க என்ன சுகம் அவளுக்கு? எல்லாருக்கும் பின்னால ஓடிட்டே இருக்கா பாவம்.” வான்மதியின் கையைப் பிடித்தாள். “உனக்கு ரித்விக்கையும் பாக்கணும்ல. இந்த வருஷம் அவன் ஸ்கூல் மாறினா என்ன ஆகும்? அந்தப் பையன் எப்படிப் படிக்கறான்!”

அன்றைக்கு அவள் சொன்ன எதிலும் பொய் இல்லை. வீட்டுக்கு வந்து வான்மதி கிருபாகரனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கும் அதையே மோகன்ராம் சொல்லியிருந்தார் என்று மறுநாள் தெரிந்தது. மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு இருவரும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீ வேண்டாம்னு சொல்லு, நான் விட்டுடறேன்,” என்றான் அவன்.

“ஏன் நான் சொல்லணும்? நீ சொல்லேன்.”

முன்கண்ணாடிக்கு வெளியே தள்ளுவண்டிகளை ஒருவன் ஒன்றுக்குள் ஒன்று செருகி வரிசையாகத் தள்ளிக்கொண்டு போனான். அவன் கட்டடத்துக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் இருவரும் பேசவில்லை. அந்த நேரத்துக்குள் அது முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தது என்று கேட்டால் இன்றைக்கும் இருவருக்கும் சொல்லத் தெரியாது.

பொள்ளாச்சியில் அக்கா கலைவாணி போனில் அழுதேவிட்டாள். “அனுப்பு சாமி, அனுப்பு. நாலு மாசம் என்ன, நாலு வருசம்னாலும் வெச்சுக்கறேன். ஏன்டி, புள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்லக்கா. சும்மா ஒரு மாறுதலுக்கு.”

நறுமுகையிடம், பெரியம்மா தனியாக இருக்கிறாள், கொஞ்ச நாள் துணைக்கு இரு என்று சொன்னார்கள். சரி என்றாள். ஒரு கேள்வியும் கேட்காமல் சரி என்று சொன்னது வான்மதிக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அக்டோபரில் கிருபாகரன் அவளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, பத்து நாளில் தனியாகத் திரும்பி வந்தான்.

நவம்பரில் பள்ளியிலிருந்து போன் வந்தது. பதினைந்து பள்ளி நாளுக்கு மேல் வராத பிள்ளைக்குப் பெற்றவர் நேரில் வந்து விலகல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். வான்மதி மதிய இடைவேளையில் போனாள். பதினான்கு வருஷத்தில் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. பயந்து வந்தது வீண் என்பதுபோல அமைதியான இடம். ஜன்னலோரம் யாரோ வளர்க்கிற செடிகள். திருமதி டெல்கடோ என்ற நரைத்த பெண்மணி மேசைக்குப் பின்னால் இருந்தார்.

கையெழுத்து முடிந்ததும் அவர் நான்கு தாள்களை அச்சிட்டு நீட்டினார். “பிள்ளை விலகும்போது கோப்பின் நகலைப் பெற்றோரிடம் தரவேண்டும் என்பது விதி. முன்னாடியே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம். யாரும் கேட்பதில்லை.” பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்: “இவள் போவதில் எனக்கு வருத்தம். நல்ல பிள்ளை.”

வான்மதி தாளைப் பார்த்தாள். எதிர்பார்ப்பு என்ற இடத்தில் 60 என்று இருந்தது. பெற்றது 61. எதிர்பார்ப்பிலிருந்து விலகல் என்ற கட்டத்தில் பூஜ்யம்.

“இது தப்பாக இருக்கும்,” என்றாள். “இவளால்தான் எங்கள் தெருவுக்குக் கடிதம் வந்தது.”

“யார் சொன்னது?”

“மதிப்பெண்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம். இவள்தான் கடைசி.”

திருமதி டெல்கடோ எழுந்து போய் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“அம்மா, நிரல் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. ஒரு பிள்ளை மெதுவாகப் படிப்பாள் என்று அதற்குத் தெரியும். முதல் வகுப்பிலேயே தெரியும். தெருவை உள்ளே எடுத்தபோது அவளையும் சேர்த்துத்தான் எடுத்தது. அவள் அறுபது வாங்குவாள் என்று எதிர்பார்த்தது. அவள் அறுபத்தொன்று வாங்கினாள். ஒருநாளும் எங்களை ஏமாற்றவில்லை அவள். நிரல் தேடுவது சரிவை மட்டும்தான். நன்றாகப் படித்து, இனி அப்படிப் படிக்கமாட்டார் என்று தெரிகிறவர்களை.”

“அப்படியென்றால் யார்?”

“மற்றப் பிள்ளைகளைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை.” அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “உங்களுக்கு இன்னொரு பிள்ளை உண்டு இல்லையா? அவனுடைய கோப்பைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டால் நான் தந்தாக வேண்டும்.”

வான்மதி கேட்கவில்லை. திருமதி டெல்கடோவே ஒரு படிவத்தை நகர்த்திப் பேனாவைத் திறந்து வைத்தார்.

அந்தக் கோப்பு தடிமனாக இருந்தது. மதிப்பெண்கள் எல்லாம் மேலே போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே வேறு விஷயங்கள். பள்ளி கொடுத்த டேப்லெட்டில் ஒரே விடையை எழுதி அழித்து எழுதியது, சராசரி பதினோரு முறை. மதிய உணவு அட்டை தேய்க்கப்படாத நாட்கள், நாற்பத்தொன்று. பஸ் ஏறாமல் நிறுத்தத்திலேயே நின்ற நாட்கள், ஆறு. கடைசி வரியில், பதினெட்டு மாதத்துக்குள் படிப்பை முழுவதுமாக நிறுத்திவிடும் வாய்ப்பு எழுபத்தொரு சதவீதம். அதற்கும் கீழே சின்ன எழுத்தில்: தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு, மதிப்பிடப்படவில்லை; குடும்பத்துடன் பேசவும்.

“இது உங்களுக்குத் தெரிந்திருந்தும் எங்களிடம் சொல்லவில்லையே?”

“கடிதம் அனுப்பினோமே,” என்றார் திருமதி டெல்கடோ. அதைச் சொன்ன பிறகு அவருக்கே அது போதவில்லை என்று தெரிந்தது. மேசை மேல் இருந்த வான்மதியின் கையைத் தொட்டார். “பேர் போடக்கூடாது என்று சட்டம். யாராவது ஒருவர் வந்து கேட்பார் என்று நினைத்தோம். பதினோரு வீட்டில் ஒருவராவது.”

வான்மதி அலுவலகத்துக்குத் திரும்பப் போகவில்லை. வீட்டு வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றேகாலுக்கு ரித்விக் வந்தான். காரில் அவளைப் பார்த்ததும் முன்கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் மடியில் இருந்த தாள்களைப் பார்த்தான். அது என்ன என்று கேட்கவில்லை.

“உனக்குத் தெரியுமாடா?”

“தெரியும்மா.”

“எப்ப இருந்து?”

“லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே. டேப்லெட்ல பேருக்குப் பக்கத்துல ஒரு மஞ்சள் புள்ளி வரும். சறுக்கறவங்களுக்குத்தான் வரும்னு பசங்களுக்கு மட்டும் தெரியும்.” பையைக் காலுக்கு நடுவில் வைத்து அதன் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். “சொல்லணும்னுதான் நெனச்சேன். ஷோபனா ஆன்ட்டி வீட்ல டிவில நம்பர் போட்டப்ப நானும் வாசல்ல நின்னேன். முகியோட நம்பர் கடைசில வந்துச்சு. எல்லாரும் அமைதியாயிட்டீங்க. எனக்கு... எனக்கு ரிலீஃபா இருந்துச்சும்மா.”

தெருவில் யாரோ குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள்.

“அப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க டிக்கெட் போட்டுட்டீங்க.” அவன் இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான். “சொல்லியிருந்தா என்னை அனுப்பியிருப்பீங்களா?”

வான்மதி இந்த இடத்தையும் இரண்டு விதமாகச் சொன்னதில்லை. பதில் இருந்தது, அது வாயில் வந்து நின்றது, சொல்ல முடியவில்லை என்பாள். அனுப்பியிருக்கமாட்டோம். அவனை அனுப்புவது என்ற எண்ணமே யாருக்கும் வந்திருக்காது. மருத்துவரைப் பார்த்திருப்பார்கள், விடுப்பு எடுத்திருப்பார்கள், தெரு போனால் போகட்டும் என்று சொல்லியிருப்பார்கள். தொண்ணூற்றொன்பது வாங்குகிற பிள்ளைக்கு அதையெல்லாம் செய்திருப்பார்கள். அவன் அவளுடைய முகத்திலேயே அதைப் படித்துவிட்டான். கதவைத் திறந்து இறங்கி, புல்தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோலச் சத்தமாக அழுதான். எதிர் வீட்டு ஜன்னல்களில் திரை விலகியது. அவள் போய் அவனைக் கட்டிக்கொண்டாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அந்தத் தெருவில் அவள் செய்த முதல் காரியம் அது.

மறுநாள் காலையில் பொள்ளாச்சிக்குப் போன் செய்தாள். அங்கே சாயங்காலம். கலைவாணிதான் எடுத்தாள்.

“அக்கா, முகிய கூட்டிட்டு வந்துடறோம். இந்த வாரமே அவர் வர்றார்.”

“ஜனவரின்னுதானே மதி சொன்ன?” என்றாள் கலைவாணி. அதற்கு மேல் பேச முடியாமல், “இரு, அவகிட்டக் குடுக்கறேன்,” என்றாள்.

“முகி, அப்பா வர்றாங்கடா. வீட்டுக்கு வந்துடலாம்.”

“இப்பவேவா?”

“ஆமாடா கண்ணு.”

“கோடு போட்டுட்டாங்களா?”

“யார் சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. டிவில கடைசியா இருந்தது நான்தானே. அறுபத்தொண்ணு என் ரிப்போர்ட்ல இருந்துச்சு. எனக்கு நம்பர் படிக்கத் தெரியும்மா.” அவள் குரலில் கோபமே இல்லை. ஒன்றை விளக்கிச் சொல்கிற பொறுமைதான் இருந்தது. “நான் வந்தா எல்லாரும் வெளிய போயிடுவாங்க. அண்ணாவும்தான். நான் இங்கயே இருக்கேன். இங்க ஒண்ணும் கஷ்டமா இல்ல.”

“இல்லடா, நீ இல்ல. தப்பாப் பார்த்துட்டோம். நீ காரணமே இல்ல.”

“அப்ப யாரு?”

அண்ணன் என்று சொல்ல வான்மதிக்கு வாய் வரவில்லை. சொன்னால் அந்தக் குழந்தை அந்தப் பாரத்தையும் தூக்கிக்கொள்ளும் என்று தோன்றியது. அவள் பேசாமல் இருந்த அந்த நேரத்தை நறுமுகை தனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டாள்.

“பரவாயில்லம்மா,” என்றாள். “சும்மா சொல்ற நீ. எனக்குத் தெரியும். நான் சாப்பிடப் போறேன்.”

கிருபாகரன் அந்த வாரமே போனான். நறுமுகை அவன் மடியில் உட்கார்ந்து கதை கேட்டாள், கடைக்குக் கூடவே போனாள், பெட்டியை எடுத்து வைக்கச் சொன்னபோது மட்டும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இழுத்துக்கொண்டு வருவதா என்று போனில் கேட்டான். வேண்டாம் என்றாள் வான்மதி. மே மாதம் வான்மதியே போனாள், அப்போதும் அதேதான். அடுத்த வருஷமும் அதேதான்.

அந்த ஜனவரியில் கோடு ஹெரன் கோர்ட்டை வெளியே விட்டுவிட்டது. ஷோபனாவும் மோகன்ராமும் ஏப்ரலில் வீட்டை விற்றுவிட்டு மூன்று மைல் தள்ளி, கோட்டுக்குள் இருந்த வேறொரு தெருவுக்குக் குடிபோனார்கள். போகும்போது வான்மதியிடம் சொல்லிக்கொள்ள வந்தார்கள். அவள் கதவைத் திறக்கவில்லை. திருமதி டெல்கடோ ஓய்வு பெற்றுவிட்டார். ரித்விக் மாற்றிக் கொடுத்த பள்ளிக்குப் போகாமல் ஒரு வருஷம் வீட்டில் இருந்தான். சிகிச்சை எடுத்துக்கொண்டான், பிழைத்துக்கொண்டான். இப்போது ஒரு நர்சரியில் மரக்கன்று வளர்க்கிற வேலை பார்க்கிறான். கல்லூரிக்குப் போகவில்லை. தங்கையிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று பதினெட்டு வயதில் பொள்ளாச்சிக்குப் போய்ச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டு, அவனுக்குத் தோசை வார்த்துப் போட்டாள். திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிருபாகரனும் வான்மதியும் அதே வீட்டில் இருக்கிறார்கள், அதிகம் பேசிக்கொள்வதில்லை. நறுமுகைக்கு இப்போது இருபது வயது. பொள்ளாச்சியில் கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறாள். கலைவாணியை அம்மா என்று கூப்பிடுகிறாள். வான்மதியை மதிம்மா என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாள்.